பதிவு பண்ணியாச்சு என்று நம்பி ரயில் ஏறிவிட்டேன்

டிஜிட்டல் பியானோவில் ‘ரெக்கார்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாராவது அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்திருந்தால், போன டிசம்பரில் எனக்குப் பதினோரு ராத்திரித் தூக்கமும் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ரூபாயும் மிஞ்சியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ ஒற்றை ஆளாகப் பியானோ வாசிக்கிறவராக இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில், வாழைக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரில் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு நின்றுபோனது. எங்கள் கோயிலுக்குள்ளும் (வேதக் கோயிலை, அதாவது கிறிஸ்தவ ஆலயத்தை, நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) இடுப்பளவு தண்ணீர். பெடல் ஆர்மோனியத்தின் துருத்தி ஊறிப் பிய்ந்து, பித்தளை ரீடெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. நான் பன்னிரண்டு வயதில் கைவைத்துப் பழகிய பெட்டி அது. மறு வருஷம் துபாயில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பணம் போட்டு 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கித் தந்தார்கள். வாசிக்க நான் ஒருத்திதான். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், வயது 61. இன்னொரு தம்பி இருக்கிறான், என்னிடம் படித்தவன், இப்போது பாலிடெக்னிக். கீபோர்டில் கார்டு (பல கட்டையைச் சேர்த்து அமுக்குவது) பிடிப்பான். ஆனால் நாலு குரலுக்கான பார்ட்டையும் சேர்த்து வாசிக்க வராது.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு டிசம்பர் கடைசியில் பிரசவத் தேதி. நான் 12ஆம் தேதி கிளம்பியாக வேண்டும். கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு ஆராதனையோ 21ஆம் தேதி. பதினாலு பாட்டு. ஆக, எல்லாவற்றையும் பியானோவிலேயே பதிந்து வைத்துவிட்டுப் போகலாம், தம்பி பொத்தானை அமுக்கினால் போதும் என்று முடிவு பண்ணினேன். “நீங்க எதுக்கு கவலப்படுதிய டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்” என்று அவனும் சொன்னான். டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் குட்டியாரிடம் சாவி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரெக்கார்டை அமுக்கினேன், வாசித்தேன், நிறுத்தினேன், போட்டுக் கேட்டேன். அருமை. மூன்று ராத்திரியில் ஆறு பாட்டு. ஆறாவதை முடித்துவிட்டு ஆசையாக முதல் பாட்டைக் கேட்கலாமென்று போட்டால் ஆறாவது பாட்டு வருகிறது. எங்கள் பியானோவின் உள் நினைவகத்தில் ஐந்து பாட்டுதான் நிற்கும். ஆறாவது, முதலாவதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கையேட்டில் போட்டிருக்கிறது. யார் படித்தது? சில மாடல்களில் ஒரே ஒரு பாட்டுதான் நிற்கும், சிலவற்றில் நூற்றுக்கணக்கில் நிற்கும். முதல் பாட்டைப் பதியும் முன்னால் பார்க்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான்.

சரி, போனது போகட்டும், பென் டிரைவில் எடுத்து வைப்போம் என்று கையில் கிடைத்த பழைய ஒன்றில் அந்த ஐந்தையும் நகல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டுக் கேட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கிராண்ட் பியானோ மாதிரி ஒலித்த பாட்டெல்லாம் ஐஸ் வண்டி மணி மாதிரி கேட்கிறது. கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. நான் பதிந்தது ஒலியே இல்லை, மிடி. 1983இல் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக வந்த முறை அது. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினாய், எவ்வளவு வேகமாக அமுக்கினாய், எப்போது விட்டாய், பெடலை எப்போது மிதித்தாய், இவ்வளவுதான் அதில் இருக்கும். சமையல் குறிப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பியானோ அதை வைத்து நல்ல சாப்பாடு போட்டது, லேப்டாப் தன்னிடம் இருந்த சரக்கை வைத்து எதையோ கிண்டிக் கொடுத்தது. ஐந்து பாட்டும் சேர்ந்து அரை எம்பி கூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொரு வகைதான் ஆடியோ பதிவு. எங்கள் பியானோவில் அது வேவ் கோப்பாக, நேராகப் பென் டிரைவில் மட்டும்தான் விழும். காதில் கேட்பது அப்படியே வரும். எந்தக் கருவியில் போட்டாலும் அதே ஒலி. நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். ‘நிஜமான ஒலி’ என்ற சொல்லில் மயங்கி, இனி எல்லாப் பாட்டையும் ஆடியோவாகவே பதிவது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஆனால் அது தெரிய இன்னும் பத்து நாள் இருந்தது.

பாளையங்கோட்டைக்குப் போய், பெரிதாக இருக்கட்டும் என்று 128 ஜிபி பென் டிரைவ் வாங்கினேன், 950 ரூபாய். செருகினால் பியானோ கண்டுகொள்ளவே இல்லை. கழற்றி மாட்டினேன், ஊதிப் பார்த்தேன், ஜெபம் கூடப் பண்ணினேன். போர்ட் போய்விட்டது என்று பயந்து திருநெல்வேலியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். வந்தவர் தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார், வேலை செய்தது. “போர்ட் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னுடையதில் என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. விஷயம் இதுதான்: பெரிய பென் டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன, நிறைய பியானோக்களுக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். 32 ஜிபி அல்லது அதற்கும் சின்னதாக வாங்கினால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது. ஒரு மணி நேர வேவ் 600 எம்பிதான் ஆகும். 128 ஜிபியை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ணப் போகிறேன்?

அந்த வெப்ராளத்தில் அடுத்த தப்பு. வீட்டு அலமாரியில் 32 ஜிபி ஒன்று கிடந்தது. செருகினேன். பியானோ ‘ஃபார்மேட்?’ என்று கேட்டது. அதற்கு என்னமோ வேண்டியிருக்கிறது என்று ‘யெஸ்’ அமுக்கினேன். அழிந்துபோனது அதில் இருந்த மகள் கல்யாண போட்டோ. நல்ல வேளை, ஸ்டூடியோக்காரர் நகல் வைத்திருந்தார். திரும்ப எடுத்துத் தர 1,500 ரூபாய். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எந்தக் கருவி எதைக் கேட்டாலும் ‘நோ’ என்று சொல்லிப் பழகுங்கள். பியானோவுக்கென்று புதிதாக ஒரு பென் டிரைவ், 380 ரூபாய், அதைத் தவிர வேறெதுவும் அதில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான்.

ஏழாவது ராத்திரி மழை. நாலரை நிமிஷப் பாட்டு, ஒரு தப்பு இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது, கடைசிச் சரணத்தில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் பார்த்தால் கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பு முழுதாக எழுதி முடியும்; நடுவில் மின்சாரம் போனால் அவ்வளவுதான். மறுநாள் காலையில் பதியலாம் என்று போனால் மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் யுபிஎஸ் கடன் வாங்கிக்கொண்டு வந்தேன். பாட்டுக்கு ஒரு கோப்பு என்று பதிந்ததால் அன்றைக்குப் போனது ஒரு பாட்டோடு நின்றது. மொத்த ஆராதனையையும் ஒரே கோப்பாகப் பதிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோப்புக்குப் பெயரையும் 01, 02 என்று எண்ணாக வையுங்கள். நான் லேப்டாப்பில் அழகாகத் தமிழில் பெயர் மாற்றிக் கொண்டுபோனேன். பியானோத் திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

எட்டாவது ராத்திரி ஒரு பாட்டைப் போட்டு நானே கூடப் பாடிப் பார்த்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பதியும்போது “ஒன்று, இரண்டு, மூன்று” என்று வாயால் சொல்லித்தான் தொடங்கியிருந்தேன். என் குரலைக் காணோம்! பியானோவுக்குள் பதியும்போது அறையில் கேட்கும் சத்தம் எதுவும் சேராது. கட்டையிலிருந்து பிறக்கும் ஒலி மட்டும்தான். ஒரு வகையில் நல்லதுதான், மழைச் சத்தமும் தவளைச் சத்தமும் வராது. தாளம் காட்டும் மெட்ரோனோம் தட்டுமே என்று நம்பியிருந்தேன். அதுவும் பதிவில் விழவில்லை. கடைசியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மேல்கோடிக் கட்டையில் ஒரு தாள அளவுக்கு டிக் டிக் என்று தட்டிவிட்டு, அப்புறம் கடைசி வரியை முன்னிசையாக வாசித்து, மறுபடி தட்டிவிட்டுச் சரணம் தொடங்கினேன். முன்னால் பதிந்திருந்த ஆடியோ அத்தனையும் வீண். மூன்று ராத்திரியில் ஒன்பது பாட்டைத் திரும்பப் பதிந்தேன். மிடியில் முதலிலேயே பதிந்திருந்த ஐந்தை, நேரம் இல்லாததால், போகட்டும் என்று அப்படியே உள் நினைவகத்தில் விட்டுவிட்டேன். சோம்பேறித்தனமும் சில நேரம் கைகொடுக்கும்.

சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதிலும் ஏமாந்தேன். தனியாக வாசிக்கும்போது ஒரு மூச்சு விட்டால் போதும் என்று தோன்றும். நம் சபையில் பின்வரிசைப் பெரியவர்கள் கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே நிற்பார்கள். ஆள் வாசித்தால் காத்திருப்பார், பதிவு காத்திருக்காது. யாரையாவது பக்கத்தில் நிறுத்திப் பாடச் சொல்லிக்கொண்டே பதியுங்கள். பாட ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே பாடுங்கள், குரல்தான் பதியாதே, எவ்வளவு கேவலமாகப் பாடினாலும் பரவாயில்லை.

11ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணிக்கு முடித்தேன். மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷனில் பெங்களூரு ரயில் ஏறினேன். பாடகர் குழுப் பயிற்சி 14ஆம் தேதிதான் ஆரம்பம். பாடுகிறவர்கள் ஒருவரைக்கூட வைத்துச் சோதிக்காமல் கிளம்பிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

14ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குத் தம்பியின் அழைப்பு. “டீச்சர், யாருக்கும் எட்ட மாட்டேங்கு. சோப்ரானோ பிள்ளைய எல்லாம் கத்துதாவ.” எனக்குக் குளிர்ந்துவிட்டது. புத்தகத்தில் இருக்கும் சுருதி எங்கள் ஆட்களுக்கு உயரம் என்பதால் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை மைனஸ் இரண்டில் வைத்துத்தான் எப்போதும் வாசிப்பேன். அதாவது இரண்டு அரைக்கட்டை கீழே. ராத்திரி தனியாகப் பதியும்போது அதை வைக்க மறந்துவிட்டேன். கை அதே கட்டையில்தான் போகிறது, எனக்கு எப்படித் தெரியும்? “இப்ப வை தம்பி, மைனஸ் ரெண்டு” என்றேன். வைத்தான். உள்ளே இருந்த ஐந்து பாட்டும் சொன்னபடி கேட்டுக் கீழே இறங்கின. பென் டிரைவில் இருந்த ஒன்பதும் அசையவில்லை.

ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும். மிடி வெறும் குறிப்பு என்பதால் பியானோ அதைப் படிக்கும்போதே இறக்கலாம், ஏற்றலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆடியோ சமைத்து முடித்த சாப்பாடு. பல மாடல்களில் டிரான்ஸ்போஸ் பொத்தான் கட்டைகளுக்கும் மிடிக்கும் மட்டும்தான், ஆடியோவுக்கு இல்லை. அதே பியானோவில் போட்டு, மனிதர்கள் கூடப் பாடப் போகிறார்கள் என்றால் மிடியில் பதியுங்கள். வெளியூருக்கு அனுப்ப, வாட்ஸ்அப்பில் போட, போனில் கேட்க என்றால் ஆடியோ. மிடியாக இருந்தால் அதைப் பியானோவில் ஓடவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஆடியோவாக்கிக்கொள்ளலாம். ஆடியோவிலிருந்து மிடிக்குத் திரும்புவது அவ்வளவு லேசு இல்லை. அதனால் இந்த வருஷம் முதலில் மிடி, அதிலிருந்து ஆடியோ என்று இரண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வருஷத்துக்கு வருவோம். சென்னையில் இருக்கும் அண்ணன் மகனிடம் அழுதேன். “அத்தை, ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள் இருக்கு, வேகம் மாறாம சுருதியை மட்டும் இறக்கலாம், அனுப்பச் சொல்லுங்க” என்றான். தம்பி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒன்பது கோப்பையும் ஏற்றினான். அண்ணன் மகன் சுருதியை இறக்கித் திருப்பி அனுப்பினான். அந்தக் கோப்புகளைப் பியானோ பட்டியலில்கூடக் காட்டவில்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து எழுதுகிறது என்ற கணக்கு), 16 பிட், ஸ்டீரியோ என்ற சிடி அளவில் இருந்தால்தான் எங்கள் பியானோ வேவ் கோப்பை வாசிக்கும். அவன் வீடியோ வேலை பார்க்கிறவன், பழக்கத்தில் 48,000த்தில் சேமித்துவிட்டான். காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மறுபடி மாற்றிக் கேட்கலாம் என்றால் அவன் படப்பிடிப்பில் இருக்கிறான், போன் எடுக்கவில்லை. தேதி 20.

காப்பாற்றியது 150 ரூபாய் ஒயர். பியானோவுக்குப் பின்னால் ‘ஆக்ஸ் இன்’ என்று ஒரு துளை இருக்கிறது. போனில் என்ன கோப்பை ஓட்டினாலும் அந்த ஒயர் வழியாகப் பியானோ ஸ்பீக்கரில் கேட்கும். பென் டிரைவ் அமைப்பு, மாதிரி எண்ணிக்கை எதுவும் குறுக்கே வராது. என்னிடம் யாராவது முதல் நாளே இந்தத் துளையைக் காட்டியிருந்தால்! போனைச் சார்ஜரில் போட்டபடி செருகினால் ஙொய்யென்று ஓர் இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றினால் போய்விடும். தம்பியே கண்டுபிடித்து என்னிடம் சொன்னான்.

21ஆம் தேதி சாயங்காலம் ஆறரைக்கு ஆராதனை. ஐந்து பாட்டு பியானோவின் வயிற்றிலிருந்து, ஒன்பது பாட்டு தம்பியின் போனிலிருந்து. எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. ஒரு பாட்டுக்கு மட்டும் ஐயர் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பழக்கதோஷத்தில் “ஒன்று, மூன்று, ஐந்து சரணங்கள்” என்று அறிவித்துவிட்டாராம். பியானோ யார் சொல்லையும் கேட்காமல் ஐந்தையும் வாசிக்க, சபை எந்தச் சரணத்தைப் பாடுவது என்று தெரியாமல் ஆளுக்கொன்றைப் பாடியிருக்கிறது. எத்தனை சரணம் பதிந்திருக்கிறோம் என்று எழுதிப் பிரசங்க மேடையில் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும், தோன்றவில்லை.

எனக்குப் பெங்களூரில் இருப்புக் கொள்ளவில்லை. ஏழே முக்காலுக்குள் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். மகள் வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே பதிமூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று, ஸ்பீக்கர் அதிர அவன் போனின் ரிங்டோன் கோயில் முழுக்க ஒலித்திருக்கிறது, குத்துப்பாட்டு ஒன்று. போனை ஃப்ளைட் மோடில் போட வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவன் பதறி அமுக்கி அணைப்பதற்குள், முன் வரிசையில் இருந்த கோயில் குட்டியார் எட்டித் திரையைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்: “டீச்சர்தாம். இருக்க முடியாம அங்கன இருந்தே வாசிக்க வந்துட்டாவ.”